அத்தியாயம் 4: முதலில் காது, பிறகு கண்

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் இடத்தில் பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு குறைகள் தவறாமல் வரும். "அஞ்சாவது வந்தும் எழுத்துக் கூட்டித்தான் சார் படிக்கிறான்" என்பது ஒன்று. "நல்லா வாசிப்பா டீச்சர், ஆனா பாடப் புத்தகத்தைத் தவிர எதையும் தொட மாட்டா" என்பது இன்னொன்று. முதலாவதைத் திறன் குறைவு என்றும் இரண்டாவதை ஆர்வக் குறைவு என்றும் பிரித்து வைத்து, அவனுக்குக் கூடுதல் பயிற்சியும் இவளுக்கு அறிவுரையும் தருகிறோம். இருவருக்கும் குறைவது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: வீட்டிலோ பள்ளியிலோ யாரும் அவர்களுக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டியதில்லை. இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியது. புத்தகங்களை எங்கே வைப்பது, பிள்ளைகளின் கேள்விகளை என்ன செய்வது என்பவை பின்னால் வருகின்றன.

ஏன் வாசித்துக் காட்ட வேண்டும்

ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளை தமிழ் நன்றாகவே பேசும். சிக்கல், புத்தகத்தில் உள்ள தமிழ் அது பேசும் தமிழ் இல்லை என்பதில் இருக்கிறது. "மழ வந்தொடனே எறும்பெல்லாம் உள்ள ஓடிருச்சு" என்று வீட்டில் சொல்லும் பிள்ளைமுன் "மழை வந்தவுடன் எறும்புகள் எல்லாம் உள்ளே ஓடிவிட்டன" என்ற வரியை வைக்கிறோம். அது 'ஓ-டி-வி-ட்-ட-ன' என்று ஆறு துண்டாகக் கூட்டி முடிக்கிறது. முடித்த பிறகும், தான் சொன்னது 'ஓடிருச்சு'தான் என்று அதற்குப் பிடிபடுவதில்லை. அந்தச் சொல்வடிவத்தை அதன் காது கேட்டதே இல்லையே! எழுத்து எல்லாம் தெரிந்தும் பொருள் தெரியாமல் நிற்கும் பிள்ளைகளில் பலரின் நிலை இதுதான்.

நம் எழுத்துமுறையும் தன் பங்குக்குச் சோதிக்கிறது. 'கொக்கு' என்ற சொல்லின் முதல் எழுத்தைப் பாருங்கள். இடமிருந்து வலமாகப் போகும் கண்ணில் முதலில் படுவது கொம்பு, அடுத்து க, பிறகு கால். வாயில் வர வேண்டியதோ ஒரே ஒலி. கடல், அகல், தங்கம் என்ற மூன்று சொற்களிலும் அதே 'க'தான், மூன்றிலும் வேறு வேறாக ஒலிக்கிறது. இதை விதியாகச் சொல்லி ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்க முடியாது, தேவையும் இல்லை. 'தங்கம்' என்ற சொல்லை வாசிப்புக் குரலில் பலமுறை கேட்ட பிள்ளை, 'தங்' வரை கூட்டியதும் மீதியைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். சரளம் என்பது பாதி இந்த ஊகம்தான்.

ஆகவே ஒன்று முதல் ஐந்து வரை எந்த வகுப்பானாலும், தினமும் 15 நிமிடம் ஆசிரியர் வாசிக்கப் பிள்ளைகள் கேட்க வேண்டும். வாரம் ஒருமுறை 1 மணி நேரம் என்று மொத்தமாகச் செய்தால் அதே பலன் கிடைக்காது.

எப்படி வாசிப்பது

புத்தகத்தை முந்தின நாளே ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். எங்கே மூச்சு விடுவது, எந்தப் பக்கம் திருப்பும்போது நிறுத்துவது, எந்தச் சொல் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரியாது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். வகுப்பில் பிள்ளைகளைப் பெஞ்சிலிருந்து இறக்கி, ஜமக்காளமோ பாயோ விரித்து அரைவட்டமாக உட்கார வையுங்கள். நீங்கள் தாழ்வான ஸ்டூலில் உட்காரலாம். புத்தகத்தை மார்புக்கு நேராகப் பிடித்தால் எழுத்தை நீங்கள் தலைகீழாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும். தோளுக்குப் பக்கவாட்டில், முதுகுப் பகுதியின் அடியை ஒரு கையால் தாங்கி விரித்துப் பிடியுங்கள். படம் பிள்ளைகளைப் பார்க்கும், எழுத்து உங்கள் ஓரக்கண்ணுக்குத் தெரியும். கொஞ்சம் பழக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

இனி முக்கியமான ஒன்று. படத்தைக் காட்டிக்கொண்டே கதையைப் பேச்சுத் தமிழில் சொல்லிவிடும் ஆசை எல்லா ஆசிரியருக்கும் வரும். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியுமே என்ற நல்லெண்ணம்தான். கதை சொல்வது அருமையான வேலை, அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். குஜராத்தின் கல்வியாளர் கிஜுபாய் பதேக்கா எழுதிய 'பகல் கனவு' நூலில் வரும் ஆசிரியர், அடங்காத நான்காம் வகுப்பைக் கதை சொல்லித்தான் தன் பக்கம் திருப்புகிறார். அந்த நூல் தமிழில் கிடைக்கிறது, வாங்கி வாசியுங்கள். ஆனால் இந்த 15 நிமிடத்தில் மட்டும் அச்சில் உள்ள வரியை உள்ளபடியே வாசிக்க வேண்டும். 'ஓடிவிட்டன' என்று இருந்தால் 'ஓடிவிட்டன' என்றுதான் வாசிக்க வேண்டும். புத்தகத் தமிழ் காதில் ஏறுவதற்கு வேறு வழி இல்லை.

வேகம் வேண்டாம். பேச்சு வரும் இடங்களில் குரலை மாற்றுங்கள். நரிக்கு ஒரு குரல், ஆட்டுக்கு ஒரு குரல். கூச்சமாக இருந்தால் பேசுபவர் மாறும்போது சின்ன இடைவெளி விட்டாலே போதும், நாடக நடிகர் யாரும் ஆக வேண்டியதில்லை. புரியாத சொல் வந்தால் வாசிப்பை நிறுத்திப் பாடம் எடுக்காதீர்கள். 'குதிர்' என்று வந்தால், "அதாவது நெல்லு கொட்டி வைக்கிற பெரிய மண் கூடு" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.

கதை முடிந்ததும் புத்தகத்தை மூடுங்கள். "இந்தக் கதையிலிருந்து என்ன நீதி தெரிந்துகொண்டீர்கள்?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நம் வகுப்பறைகளில் கதைகளைக் கொன்ற கேள்வி அது. கதைக்குப் பின்னால் எப்போதும் ஒரு தேர்வு காத்திருக்கிறது என்று பிள்ளை பழகிவிட்டால், கேட்கும்போதே விடையைத் தேட ஆரம்பித்துவிடும். சும்மா இருங்கள். யாராவது ஒரு பிள்ளை "சார், அந்த ஆடு ஏன் திரும்பிப் போச்சு?" என்று கேட்கும். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் போகலாம். யாரும் ஒன்றும் சொல்லாவிட்டாலும் குறையில்லை. "இன்னொரு தடவ வாசிங்க டீச்சர்" என்று கேட்டால் அதே கதையை மறுபடி வாசியுங்கள். மறுநாள் கேட்டாலும் அதையே வாசியுங்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிள்ளை, பிறகு அந்தப் புத்தகத்தைத் தனியாக எடுத்துப் பக்கம் புரட்டி, மனப்பாடத்திலிருந்து பாதியும் எழுத்திலிருந்து பாதியுமாக 'வாசிக்கும்'. அதைப் பார்த்து, மனப்பாடமாக ஒப்பிக்கிறது என்று நினைத்துத் திருத்தப் போக வேண்டாம். வாசிப்பு தொடங்கும் இடம் அது.

நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீண்ட கதையைத் தொடர்கதையாக வாசிக்கலாம். 'டோட்டோ சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' போன்ற புத்தகம் சிறு சிறு அத்தியாயங்களாக இருப்பதால் இதற்குத் தோதானது. பள்ளியைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளே கேட்கும்போது அவர்கள் சொல்லும் கருத்துகளைத் தாங்கிக்கொள்ளும் தைரியம் மட்டும் ஆசிரியருக்கு வேண்டும்!

ஈராசிரியர் பள்ளியில் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். நடக்கும், சொல்லப்போனால் அங்கேதான் எளிது. வாசித்துக் காட்டும் நேரத்தில் வகுப்பு பிரிக்க வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கான படக்கதையைக் கேட்டுச் சிரிக்கும், சிறுசுகள் பெரிய கதையில் புரிந்த வரைக்கும் புரிந்துகொள்ளும். மதிய உணவுக்குப் பிந்தைய முதல் பாடவேளை, பிள்ளைகளும் ஆசிரியரும் சோர்ந்திருக்கும் நேரம், இதற்கு மிகவும் பொருத்தம்.

பீரோவுக்கு வெளியே

பல பள்ளிகளில் நல்ல புத்தகங்கள் இருக்கின்றன, தலைமையாசிரியர் அறையில் இரும்பு பீரோவுக்குள். தமிழக அரசுப் பள்ளிகளுக்குப் 'புத்தகப் பூங்கொத்து' வழியாக வந்த கதைப் புத்தகங்கள் உண்டு. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் தொடங்கியபோது வகுப்பறையிலேயே வாசிப்புக் களம் என்று ஒரு மூலை கேட்டது. வாசிப்பு இயக்கம் வெளியிட்ட சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் வந்தன. நான்கு, ஐந்தாம் வகுப்புக்கென்று 'ஊஞ்சல்' இதழ் இருக்கிறது. ஆக, பல இடங்களில் பற்றாக்குறை புத்தகத்தில் இல்லை, சாவியில் இருக்கிறது.

தலைமையாசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருப்புப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கைக்கு அவர்தான் கையெழுத்துப் போடுகிறார். தணிக்கையில் பத்துப் புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அவரிடம் போய் "எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்" என்றால் தயங்கத்தான் செய்வார். 30 புத்தகங்களை மட்டும் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். மாதம் முடிந்ததும் அவற்றைத் திருப்பிக் கொடுத்து வேறு 30 வாங்குங்கள். கிழிந்தவற்றைத் தனியாக எடுத்து, பிள்ளைகளையே வைத்து ஒட்டி, அவருக்குக் காட்டுங்கள். அவர் கவலை குறையக் குறைய எண்ணிக்கை கூடும். நன்கொடையாக வந்தவை, பழைய இதழ்கள், ஆசிரியர் கைக்காசில் வாங்கியவை போன்ற பதிவேட்டில் ஏறாத புத்தகங்கள் தனிப்பெட்டியில் இருக்கட்டும். அவற்றைத் தொலைக்கக்கூட அனுமதி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் புத்தகங்களை அடுக்கி வைக்காதீர்கள். படக்கதைப் புத்தகத்தின் முதுகு மெல்லியது, அடுக்கினால் ஒன்றும் தெரியாது. அட்டை முகம் காட்ட வேண்டும். சுவரில் பிள்ளையின் மார்பு உயரத்துக்கு நைலான் கயிறு கட்டி, புத்தகத்தை நடுவில் விரித்துத் தொங்கவிட்டால் போதும். செயல்வழிக் கற்றல் காலத்தில் போட்ட கம்பிப் பந்தல் சில பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. அது பெரியவர்கள் உயரத்தில் இருப்பதால் பிள்ளைகளின் ஓவியத்துக்கு ஆகும், புத்தகத்துக்கு ஆகாது. ஆசிரியரைக் கேட்டு, ஆசிரியர் எழுந்து வந்து, எடுத்துக் கொடுக்க வேண்டிய புத்தகம் பாதி நாள் தொங்கியபடியே இருக்கும்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். புத்தகம் பயன்படுவதற்கே என்பது அதில் முதல் விதி. உலகமெங்கும் நூலகத் துறையினர் பாடமாகப் படிக்கும் அந்த விதியை அவர் பிறந்த மாநிலத்துப் பள்ளி பீரோக்களிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு எடுத்துப்போகும் பதிவேட்டைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். 40 பக்க நோட்டு ஒன்று. பெயர், புத்தகம், எடுத்த நாள், கொடுத்த நாள் என நான்கு கட்டம். வாரம் இருவர் நூலகர். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையே நூலகராகப் போடும் வழக்கம் இருக்கிறது. மெதுவாக வாசிப்பவர்களையும் போடுங்கள். ஒரு வாரத்தில் 30 புத்தகத்தின் தலைப்பையும் அவர்கள் பலமுறை வாசித்து எழுதியிருப்பார்கள்.

எந்தப் புத்தகம், யாருக்கு

பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அதிகக் கடினமாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் மூன்றாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு எளிய சோதனை சொல்லிக்கொடுக்கலாம். ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்து வாசி, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு. பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் இப்போதைக்கு வேறு புத்தகம் பார். அப்போதும் "எனக்கு இதுதான் வேணும்" என்று அடம்பிடித்தால் கொடுத்துவிடுங்கள். டைனோசர் படத்துக்காகவே பெரிய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திரியும் பிள்ளைகள் உண்டு.

சித்திரக்கதை புத்தகமே இல்லை என்று சொல்லும் ஆசிரியர்களோடு இந்த நூல் உடன்படவில்லை. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸையும் மாதாமாதம் வந்த அம்புலிமாமாவையும் காத்திருந்து வாங்கி வாசித்தே ஒரு தலைமுறை வாசகர்கள் உருவானார்கள். படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே தாவித் தாவிப் பொருள் கொள்வது சின்ன வேலை இல்லை.

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விடவும் அனுமதியுங்கள். பிரெஞ்சு எழுத்தாளரும் பள்ளி ஆசிரியருமான தானியேல் பென்னாக் 1992இல் வாசகரின் உரிமைகள் என்று பத்து எழுதினார். வாசிக்காமல் இருக்கும் உரிமை, பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை, முடிக்காமல் விடும் உரிமை எல்லாம் அதில் உண்டு. பெரியவர்களான நாம் தினமும் அனுபவிக்கும் உரிமைகளைத்தான் எட்டு வயதுப் பிள்ளைக்கு மறுக்கிறோம்.

இணையம் எட்டும் பள்ளி என்றால், பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்செடுத்துத் தைத்துக்கொள்ளலாம். கைப்பேசியிலேயே காட்டுவதைவிட அது மேல்.

இன்னும் கூட்டிப் படிப்பவர்கள்

இவர்களை எழுப்பி நிறுத்தி, வகுப்பு முழுக்கக் கேட்க வாசிக்கச் சொல்வதை முதலில் நிறுத்த வேண்டும். ஒரு வரியைத் திக்கித் திணறி முடிப்பதற்குள் நான்கு பேர் சிரித்துவிடுவார்கள். அன்றோடு அந்தப் பிள்ளைக்குப் புத்தகம் அவமானத்தோடு ஒட்டிக்கொள்ளும். நண்பனோடு ஜோடியாக, சுவரோரம் உட்கார்ந்து, ஒரே வரியை இருவரும் சேர்ந்து சொல்லட்டும். அல்லது நீங்கள் ஒரு வரி, அவன் ஒரு வரி.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பிள்ளை சொல்வதை நீங்கள் எழுதுங்கள். நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், பிள்ளைகள் வாயிலிருந்து வரும் சொற்களையே அட்டையில் எழுதி அவர்களின் முதல் வாசிப்புப் பாடமாக்கினார். 1963இல் வந்த அவருடைய நூல் இதை விரிவாகச் சொல்கிறது. நம் வகுப்பில் இப்படிச் செய்யலாம். "நேத்து என்னடா பண்ணின?" என்று கேளுங்கள். "எங்க ஆடு குட்டி போட்டுச்சு. மூணு குட்டி. ஒண்ணு கறுப்பு" என்பான். அவன் சொன்னபடியே, ஒரு எழுத்தும் மாற்றாமல், ஏ4 தாளை மடித்து ஒரு பக்கத்துக்கு ஒரு வரியாகப் பெரிதாக எழுதுங்கள். படம் அவன் வரையட்டும். பின் அடித்து, அட்டையில் அவன் பெயரை எழுதிக் கயிற்றில் தொங்கவிடுங்கள். வரி என்ன சொல்கிறது என்று அவனுக்கு முன்பே தெரியும். ஆகவே கண் எழுத்தைத் துணிந்து பிடிக்கும். 'மூணு' என்று எழுதலாமா, 'மூன்று' அல்லவா என்று உங்களுக்குள் இருக்கும் தமிழாசிரியர் துடிப்பார். முதல் சில புத்தகங்களுக்கு அவரைப் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். தினமும் வாசித்துக் காட்டும் வகுப்பில், கொஞ்ச நாளில் பிள்ளையே "புஸ்தகத்துல மூன்றுன்னுதானே இருக்கும்?" என்று திருத்தச் சொல்லும்.

கேள்விப் பலகை

புத்தகத்துக்குப் பிள்ளையை அழைத்துவரும் இன்னொரு வாசல் அதன் கேள்வி. சுவரின் கீழ்ப்பகுதியில் உள்ள கரும்பலகையில் ஒரு மூலையைக் கேள்விகளுக்கு விடுங்கள். எந்தக் கேள்வியும் எழுதலாம், எழுதத் தெரியாவிட்டால் சொல்லலாம். எறும்பு ஏன் வரிசையாகப் போகிறது என்று ஒருத்தி கேட்டாள் என்று வைத்துக்கொள்வோம். உடனே விடை சொல்லாதீர்கள். சத்துணவுக் கூடத்துப் பக்கம் எறும்பு வரிசை எப்போதும் இருக்கும், அங்கே அழைத்துப் போங்கள். வரிசையின் நடுவே விரலகலத்துக்கு ஈரத்துணியால் அழுத்தித் துடையுங்கள். இரண்டு பக்கத்து எறும்புகளும் அந்த இடத்தில் வந்து தடுமாறும், சுற்றும், சில திரும்பும். கொஞ்ச நேரத்தில் ஒன்று எப்படியோ கடந்துவிட, மற்றவை பின்தொடரும். தரையில் ஏதோ இருந்தது, துடைத்ததும் போய்விட்டது என்று பிள்ளைகளே சொல்வார்கள். எறும்பு தன் வழியில் விட்டுச்செல்லும் வாசனைப் பொருளைப் பற்றிப் பிறகு வகுப்பில் வாசித்துக் காட்டினால், அந்தப் பக்கத்தை அவர்கள் கேட்கும் விதமே வேறாக இருக்கும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் இத்தகைய கேள்விகளுக்கு நல்ல துணை.

விடை தெரியாத கேள்வி வந்தால், "எனக்கும் தெரியலப்பா, தேடுவோம்" என்று சொல்லுங்கள். சொன்னால் தேடவும் வேண்டும். வாரக்கணக்கில் பலகையில் கிடக்கும் கேள்வியைப் பார்க்கும் பிள்ளை அடுத்த கேள்வியை எழுதாது.

பரிசும் வீடும்

அதிகப் புத்தகம் வாசித்தவருக்குப் பேனா பரிசு என்று அறிவித்தால் மெல்லிய புத்தகங்கள்தான் தீரும். அடுத்த வருடம் பேனா நின்றதும் வாசிப்பும் நின்றுவிடும். பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எல்லோருக்கும் ஒரு புத்தகமாகக் கொடுங்கள். பெற்றோர் கையெழுத்து வாங்கி வரச் சொல்லும் வாசிப்பு அட்டையும் வேண்டாம். கையெழுத்துப் போடத் தயங்கும் பெற்றோர் உள்ள வீட்டில் அது இருவருக்கும் சங்கடம். அதற்குப் பதிலாக, வீட்டில் பாட்டிக்கோ தம்பிக்கோ வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பாட்டி பதிலுக்கு ஒரு கதை சொன்னால் அதை வகுப்பில் வந்து சொல்லட்டும். கி. ராஜநாராயணன் ஊர் ஊராகச் சேகரித்த நாட்டுப்புறக் கதைகள் எல்லாம் அப்படிப்பட்ட வாய்களிலிருந்து வந்தவைதான்.

கடைசியாக, கோடை விடுமுறை. ஆண்டு முழுக்கச் செய்ததில் கணிசமான பகுதி மே மாதத்தில் கரைந்துபோகும், குறிப்பாகக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கு. ஏப்ரலில் பள்ளி மூடும் முன் ஒவ்வொரு பிள்ளை கையிலும் மூன்று புத்தகம் கொடுத்து அனுப்புங்கள். ஒன்று அதற்கு நன்றாகத் தெரிந்தது, ஒன்று எளியது, ஒன்று கொஞ்சம் கடினமானது. ஜூனில் சில திரும்பி வராது, சில கிழிந்து வரும். அதற்கு யாரையும் எழுப்பி நிறுத்திக் கேட்க வேண்டாம். திரும்பி வந்தவற்றை எண்ணிப் பதிவேட்டில் எழுதிவிட்டு, அன்று மதியமே வாசித்துக் காட்டத் தொடங்குங்கள்.